பதினோரு கதைகள் போதுமா?

அன்புள்ள சார்,

ஆறேழு வருடங்களாகச் சிறுகதை எழுதுகிறேன். 23 கதைகள் சேர்ந்திருக்கின்றன, பாதிக்கு மேல் இணைய இதழ்களில் வந்தவை. ஒரு சிறு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து அதன் எடிட்டர் கூப்பிட்டு, 11 கதைகளை மட்டும் போடலாம் என்கிறார். அதிலும் இரண்டு கதைகளின் முடிவை மறுபடி யோசிக்கச் சொல்கிறார். இன்னொரு இடத்தில் 23 கதைகளையும் அப்படியே போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். அச்சுச் செலவு மட்டும் என்னுடையது, புத்தகக் கண்காட்சிக்குள் வந்துவிடும். இப்போது எல்லோரும் கெட்டி அட்டை முழுத்தொகுப்புதானே வாங்குகிறார்கள், மெல்லிய புத்தகத்தை யார் சீந்துவார்கள் என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யட்டும்?

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

பதினொன்றுக்கே போங்கள்.

ஒருவர் உங்கள் பிரதியை மூன்று மாதம் வைத்திருந்து, எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்திருக்கிறார். தமிழில் எழுதுகிற பலருக்குக் கடைசிவரை இது வாய்ப்பதில்லை. மெய்ப்புப் பார்ப்பவரை, அதாவது அச்சுப் பிழை திருத்துபவரைத் தாண்டி வேறு யார் கண்ணிலும் படாமல் எத்தனையோ புத்தகங்கள் அச்சுக்குப் போகின்றன. ஒற்று மிகுமா மிகாதா என்று அவர் பார்த்துவிடுவார். ‘உங்கள் கதை நான்காம் பக்கத்திலேயே முடிந்துவிட்டது, மீதி எதற்கு?’ என்று கேட்பது அவர் வேலை இல்லை. அதைக் கேட்க ஓர் எடிட்டர் வேண்டும்.

க்ரியாவை நினைத்துப் பாருங்கள். ராமகிருஷ்ணன் 1974இல் சென்னையில் தொடங்கிய பதிப்பகம். அது கொண்டுவந்த சிறுகதைத் தொகுப்புகள் எண்ணிக்கையில் அதிகம் இல்லை. ஆனால் ந. முத்துசாமியின் ‘நீர்மை’, திலீப்குமாரின் ‘மூங்கில் குருத்து’, இமையத்தின் ‘மண்பாரம்’ என்று எடுத்தால் ஒவ்வொன்றும் இன்னும் பேசப்படுகிறது. எழுத்தாளரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பிரதியைப் பார்ப்பது அங்கே வழக்கமாக இருந்தது. தற்காலத் தமிழுக்கு ஓர் அகராதி வேண்டும் என்று பல வருடம் உழைத்து 1992இல் கொண்டுவந்தவர் ராமகிருஷ்ணன். அவர் ஒரு கதையின் வாக்கியத்தைச் சும்மா விட்டிருப்பாரா என்ன?

திலீப்குமாரின் ‘மூங்கில் குருத்து’ 1985இல் வந்தது. ‘கடவு’ 2000இல். நடுவில் பதினைந்து வருடம்! அந்த இடைவெளியால் அவருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. அவருடைய ‘தீர்வு’ கதையைத் தேடிப் படியுங்கள். பல குடித்தனங்கள் புழங்கும் ஒரு வீட்டில், கிணற்றில் எலி விழுந்து செத்துவிடுகிறது. குஜராத்திக் குடும்பங்கள், ஆசாரம், தண்ணீர்ப் பிரச்சினை, ஆளுக்கொரு யோசனை. கடைசியில் கங்கை நீர்தான் வழி திறக்கிறது. நம்பிக்கை, பகுத்தறிவு என்று விரித்துப் பேச அங்கே எவ்வளவோ இடம் இருக்கிறது. அவர் பேசவில்லை, கிணற்றடியை விட்டு நகரவே இல்லை. உங்கள் இரண்டு முடிவுகளையும் இந்தக் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடிட்டர் எதைச் சொல்கிறார் என்று பிடிபடலாம்.

முழுத்தொகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதுமைப்பித்தன் கதைகளை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்துக் காலச்சுவடு 2000இல் வெளியிட்ட புத்தகம் எனக்கு உயிர். காலவரிசை, முதலில் வந்த பத்திரிகை, பதிப்புக்குப் பதிப்பு மாறிய சொற்களைக் காட்டும் பாட வேறுபாடு எல்லாம் அதில் உண்டு. எழுதி முடித்துப் போன ஒரு மேதைக்குச் செய்யவேண்டிய மரியாதை அது. முதல் புத்தகம் போடுகிறவரின் 23 கதைகளை ஒன்றாகக் கட்டித் தருவது வேறு விஷயம். உங்களைத் தெரியாத வாசகர் நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டுவார். அங்கே சுமாரான கதை கிடைத்தால் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடுவார், அவ்வளவுதான். சிறுகதையாளர் மௌனி வாழ்நாள் முழுக்க எழுதியவையே 24 கதைகள்தான்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கங்களைப் பாரம் என்பார்கள். வழக்கமான புத்தக அளவான டெமியில் பாரத்துக்கு 16 பக்கம். பதினோரு கதைகள் ஒன்பது பாரத்தில், அதாவது 144 பக்கத்தில் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். இருபத்து மூன்றும் என்றால் முன்னூறு பக்கத்தை நெருங்கும், விலையும் ஏறும். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் நூறு பிரதிக்காக யாரும் அச்சுக் கோக்க மாட்டார்கள். விற்காத கட்டுகள் வீட்டில் கிடக்குமே என்கிற பயத்திலேயே பதிப்பாளர் கொஞ்சம் வடிகட்டினார். இன்று ஐம்பது, நூறு பிரதி தாராளமாக அடிக்கலாம், பயம் போய்விட்டது. அதனால்தான் ‘இது வேண்டாம்’ என்று சொல்லும் ஆள் இப்போது இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறார்.

அதற்காக எடிட்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதீர்கள். இரண்டு முடிவுகளையும் ஒரு வாரம் ஆறப்போட்டுப் படியுங்கள். நீங்கள் எழுதியதுதான் சரி என்று அப்போதும் பட்டால் காரணத்தோடு சண்டை போடுங்கள். நல்ல எடிட்டருக்கு அது பிடிக்கும். ஒதுக்கிய பன்னிரண்டில் உங்களுக்கு உயிரான கதை ஒன்று இருந்தால் அதற்காகவும் வாதாடுங்கள். ஒரு கதைக்கு மட்டும். மற்றவை இணையத்திலேயே இருக்கட்டும், அங்கே அவற்றுக்கு வாசகர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், சிறு பதிப்பகம் என்றால் எல்லாம் வாய்வார்த்தையாகவே போய்விடும். எத்தனை பிரதி, ராயல்டி எவ்வளவு, எப்போது கணக்குத் தருவார்கள், உரிமை எத்தனை வருடம், மின்னூல் உரிமை யாருக்கு என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள். கண்காட்சிக்குள் வராவிட்டால் பரவாயில்லை, ஜூன் மாதத்திலும் புத்தகம் வரலாம்.