பிறந்த நாட்டை விட்டு வந்து, வந்த இடத்திலேயே கடைசி வரை சேவை செய்து வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

எங்கள் ஊர் வள்ளியூர் பக்கம். அதனால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது, ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த டோனாவூர் அம்மாதான். எமி கார்மைக்கேல் என்று அவருடைய பெயரைச் சொன்னால் எங்கள் ஆச்சிக்குத் தெரியாது. அவரை நேரில் பார்த்ததும் இல்லை. அப்பாவைப் பெற்றெடுத்தது டோனாவூர் ஆஸ்பத்திரியில், அவ்வளவுதான் பழக்கம். "தமிழ் பேசுத வெள்ளக்காரி ஒருத்தி வந்து வயித்தத் தொட்டுப் பாத்தா. எல்லாரும் சித்தின்னு கூப்புட்டாவ, நானும் சித்தின்னேன்" என்பாள்.

அப்படிக் கூப்பிடும் ஏற்பாடு டோனாவூர் அம்மா காலத்தது. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் சித்தி, நம் ஊர்ப் பெண்கள் அக்காள், ஆண்கள் அண்ணாச்சி. பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெற்றவர் யாரென்றே தெரியாத பிள்ளைக்கு முதலில் என்ன வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். பல பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி தெரியாது. அதனால் அங்கே வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடினார்கள்.

எமி பிறந்தது 1867 டிசம்பர் 16, அயர்லாந்தின் வடக்கே மில்ஐல் என்ற கடலோர கிராமத்தில். மாவு மில் வைத்திருந்த பக்தியான குடும்பம், ஏழு பிள்ளைகளில் மூத்தவர். சின்ன வயதில் நீலக்கண் வேண்டும் என்று ஜெபித்துவிட்டுப் படுத்தாராம். காலையில் கண்ணாடியில் அதே பழுப்புக் கண். பிற்பாடு சேலை கட்டிக்கொண்டு நம் ஊர்த் தெருக்களில் நடந்தபோது அந்தக் கண்தான் உதவியது. பெல்ஃபாஸ்டில் ஆலைப் பெண்களிடையே வேலை, பிறகு ஜப்பான், அங்கே உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. 1895இல் பெங்களூர் வந்து, அடுத்து திருநெல்வேலிச் சீமை. அதன்பின் 55 வருஷம், ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை.

1901 மார்ச்சில் பண்ணைவிளையில் இருந்தபோது, பெருங்குளத்துக் கோயிலில் பொட்டுக்கட்டி தேவதாசி ஆக்க வைத்திருந்த ஏழு வயதுப் பெண் தப்பி ஓடி வந்தாள். அதற்கு முன்பும் ஒரு தடவை ஓடிப் பிடிபட்டு, கையில் சூடு வாங்கியவள். வந்தவள் நேரே எமியின் மடியில் ஏறி உட்கார்ந்து, இனி இங்கேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டாள். அதுவரை மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தவரின் பிழைப்பே அன்றோடு மாறிப்போனது. முதலில் இப்படிப்பட்ட பெண் பிள்ளைகளை, 1918இலிருந்து ஆண் குழந்தைகளையும் எடுத்து வளர்த்தார்கள். பணம் கொடுங்கள் என்று யாரிடமும் கேட்பதில்லை என்பது அவருடைய கொள்கை, ஜெபம் மட்டும்தான்.

நான் கிறிஸ்தவன் இல்லை. அவர் எழுதியதைப் படித்தால் நம் கோயிலும் வீடும் ஒரே இருட்டாகத் தெரியும். அது எனக்கு ஒப்பவில்லை. பொட்டுக்கட்டுவதை ஒழிக்கச் சட்டசபையில் வாதாடியவர் முத்துலட்சுமி ரெட்டி. மதராஸ் மாகாணத்தில் சட்டம் வந்தது 1947இல்தான். ஆனால் சட்டம் வருவதற்கு 46 வருஷம் முன்னால் ஓடி வந்த பிள்ளைக்கு அன்றைக்கு ராத்திரி படுக்க ஒரு இடம் வேண்டுமே. மதமாற்ற விவாதம் வரும்போதெல்லாம் இதைச் சொல்லி இரண்டு பக்கமும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

எனக்கு அதிகம் தோன்றுவது அவருடைய கடைசி இருபது வருஷம். 1931 செப்டம்பர் 24 அன்று களக்காட்டில், மருத்துவ வேலைக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனார். பொழுது சாய்ந்த நேரம். கக்கூஸுக்கு வெட்டிய குழி, இருக்கக்கூடாத இடத்தில் இருந்திருக்கிறது. விழுந்து கால் முறிந்தது. அப்போது வயது 63. அதன்பின் பெரும்பாலும் அறையும் கட்டிலும்தான். வெயிலிலும் வண்டியிலும் அலைந்த மனுஷி, படுத்தபடியே புத்தகம் எழுதினார், பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். சீமைக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! போகவில்லை.

1951 ஜனவரி 18 அன்று 83 வயதில் டோனாவூரிலேயே இறந்தார். கல்லறைக்கல் வைக்கக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்தப் பேச்சை மீறவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள். ஆச்சியிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "தெனமும் தண்ணி ஊத்துதாவளா?"