நெருக்கடி நிலைக்குப் பிறகு இந்தியாவில் சட்டத்தின் ஆட்சியும் அரசியல் விவாதமும் முழுதாகத் திரும்பினவா?

பெரும்பாலும் திரும்பின. ஆனால் பலர் நினைப்பதுபோல 1977 மார்ச் தேர்தலோடு அல்ல. தேர்தல் ஆளை மாற்றியது, அவ்வளவுதான். சட்டத்தைச் சரிசெய்ய மேலும் இரண்டு வருடம் பிடித்தது. அதிலும் ஒரு பாக்கி இருக்கிறது.

எவ்வளவு கெட்டுப்போயிருந்தது என்பதற்கு ஜபல்பூர் வழக்கு போதும். விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் பிடித்தவர்கள் ஆட்கொணர்வு மனு போடலாமா என்பதுதான் கேள்வி. சொந்தப் பகையில் ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றாலும் நீதிமன்றத்தில் கேட்க முடியாதா என்று நீதிபதி எச்.ஆர்.கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை முடியாது என்றார் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. 1976 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசின் பக்கம் தீர்ப்பு எழுதினார்கள். மறுத்து எழுதிய கன்னாவைத் தாண்டி, அடுத்த ஜனவரியில் பணிமூப்பில் அவருக்கு இளையவரான பெய்க் தலைமை நீதிபதியானார். கன்னா ராஜினாமா செய்துவிட்டார்.

1977 தேர்தலில் வென்ற ஜனதா அரசின் 44வது அரசியலமைப்புத் திருத்தம் இந்த ஓட்டையைத்தான் அடைத்தது. உயிர், சுதந்திரம் பற்றிய 21வது பிரிவை இனி எந்த நெருக்கடியிலும் முடக்க முடியாது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்று சொல்லி நெருக்கடி நிலை கொண்டுவரவும் முடியாது. ஆயுதக் கிளர்ச்சியாக இருக்க வேண்டும். அமைச்சரவை எழுத்தில் பரிந்துரைக்க வேண்டும். 1975 ஜூன் 25 இரவு அமைச்சரவையைக் கூட்டாமலேயே குடியரசுத் தலைவரிடம் கையெழுத்து வாங்கினார்களே, அதற்கான பூட்டு இது. மிசாவும் 1978இல் போனது.

நெருக்கடி நிலையில் விவாதத்தின் வாயையும் கட்டியிருந்தார்கள். நாடாளுமன்றத்தில் பேசுவதைப் பத்திரிகைகள் அச்சமில்லாமல் வெளியிட 1956இல் சட்டம் கொண்டுவந்தவர் பெரோஸ் காந்தி. அதை நெருக்கடி நிலையில் ரத்து செய்தது அவர் மனைவி இந்திரா காந்தியின் அரசு! 1977இல் அது திரும்ப வந்தது. பிறகு அரசியலமைப்பிலேயே 361ஏ என்று இடம் பிடித்தது.

சரி, அந்தப் பாக்கி? காவல் நியாயமா என்று சொல்ல வேண்டிய ஆலோசனைக் குழு பார்க்காமல் ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்கும் உச்சவரம்பை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்து, அந்தக் குழுவை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கச் சொன்னது அதே திருத்தத்தின் 3வது பிரிவு. நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையைத்தான் ஜனதா உட்பட எந்த அரசும் வெளியிடவில்லை. 1981 டிசம்பரில் ஏ.கே.ராய் வழக்கில், அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதனால் இன்றும் பழைய மூன்று மாதக் கணக்குதான்.