10-க்கு 12 அடி படுக்கையறையில் 5.1 ஸ்பீக்கர் வைக்கலாமா? எதை வாங்குவது, எங்கே மாட்டுவது?

அறை சின்னது, கட்டில் சுவரை ஒட்டிக் கிடக்கிறது, பின்னால் ஸ்பீக்கர் வைக்க இடமில்லை, இதில் 5.1 வாங்கிப் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. எங்கள் வீட்டிலும் கிட்டத்தட்ட இதே அளவு அறைதான். 5.1 என்றால் முன்னால் இடது, வலது, நடுவில் சென்டர் என்று மூன்று ஸ்பீக்கர், பக்கத்திலோ பின்னாலோ சரவுண்ட் இரண்டு, பேஸ் என்னும் ஆழ்ந்த சத்தத்துக்கு மட்டும் சப்வூஃபர் ஒன்று.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். தலையணையை முட்டுக்கொடுத்து, வழக்கமாகப் படம் பார்க்கும் மாதிரியே கட்டிலில் சாய்ந்து உட்காருங்கள். வீட்டில் ஒருவரிடம் டேப்பைக் கொடுத்து, உங்கள் காது தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, இரண்டு பக்கச் சுவரும் டிவிச் சுவரும் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். ஹாலில் சோபாவை முன்னே பின்னே தள்ளிக்கொள்ளலாம். படுக்கையறையில் கட்டில் நகராது. அதனால் காது இருக்கும் இடத்தை வைத்துத்தான் மற்ற எல்லாம்.

நான் முதலில் இதைச் செய்யவில்லை. மாட்டிக்கொடுக்க வந்தவர் நான்கு ஸ்பீக்கரையும் கூரையை ஒட்டி நான்கு மூலைகளில் அடித்துவிட்டுப் போனார். பார்க்க அழகாக இருந்தது. படத்தில் ஒருவர் பேசினால் குரல் டிவியிலிருந்து வந்தது, அவர் நடந்து போகும் காலடிச் சத்தம் மட்டும் மின்விசிறிக்கு மேலே கேட்டது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றினேன். லாஃப்ட் மேல் தூக்கி வைப்பதிலும் இதே கோளாறுதான்.

சரவுண்ட் ஸ்பீக்கர் பின்னால்தான் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். டிவியை நேராகப் பார்க்கும் திசையை 0 என்று வைத்தால், 5.1-க்கு டால்பி நிறுவனம் சொல்லும் கோணம் 90-லிருந்து 110 டிகிரி வரை. 90 டிகிரி என்றால் காதுக்கு நேர் பக்கவாட்டில். ஆக, தலைமாடு சுவரில் இருந்தாலும் குறையில்லை. இரண்டு பக்கச் சுவர்களிலும் தலைக்கு நேராக, காதைவிட ஓரிரண்டு அடி உயரத்தில் மாட்டுங்கள். சாய்ந்து உட்கார்ந்தால் காது சுமார் மூன்றரை அடியில் வரும், ஸ்பீக்கர் ஐந்து, ஐந்தரை அடியில் இருக்கட்டும். இந்தக் கூடுதல் உயரத்துக்குக் காரணம் இருக்கிறது. கட்டிலில் இரண்டு பேர் படுத்தால், ஓரத்தில் இருப்பவருக்கும் சுவருக்கும் இரண்டரை அடிகூட இருக்காது. ஸ்பீக்கர் காதுக்கு நேர் மட்டத்தில் இருந்தால் அவருக்கு அந்த ஒன்று மட்டும்தான் கேட்கும். கொஞ்சம் மேலே ஏற்றி, ஸ்பீக்கரின் முகத்தை எதிர்ப்பக்கத்தில் படுப்பவர் தலைக்கு மேல் பார்க்கும்படி திருப்பினால் இருவருக்கும் கிட்டத்தட்ட சமமாகிவிடும்.

ஒரு பக்கம் பீரோவோ கதவோ வந்து அங்கே மாட்டவே முடியாது என்றால், என் கருத்து, சரவுண்டை விட்டுவிட்டு முன்னால் மூன்றும் ஒரு சப்வூஃபரும் மட்டும் வையுங்கள். ஒன்று காதருகே, இன்னொன்று பீரோவுக்குப் பின்னால் என்று கோணலாக வைத்த 5.1-ஐவிட ஒழுங்கான 3.1 நன்றாக இருக்கும். அந்தப் பணத்தை சென்டர் ஸ்பீக்கரில் போடுங்கள்.

சென்டரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். படுக்கையறையில் நாம் படம் பார்ப்பது பெரும்பாலும் ராத்திரி, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. அப்போது முதலில் காணாமல் போவது வசனம். படத்தின் வசனம் பெரும்பாலும் சென்டர் வழியாகத்தான் வருகிறது. படுத்துப் பார்க்க வசதியாக டிவியை உயரத்தில் மாட்டியிருப்பீர்கள். அதன் கீழே ஒரு பலகை அடித்து சென்டரை வைத்து, முன்பக்கத்தை லேசாக நிமிர்த்தி உங்கள் முகத்தைப் பார்க்க விடுங்கள். ஷெல்ஃபுக்குள்ளே ஆழமாகத் தள்ளாதீர்கள், குரல் குடத்துக்குள் பேசுவது போலாகிவிடும். பலகையின் விளிம்போடு விளிம்பாக நிற்கட்டும்.

முன் இடது, வலது இரண்டுக்கும் 22-லிருந்து 30 டிகிரி. காதிலிருந்து ஒன்பது அடியில் டிவிச் சுவர் என்றால், இரண்டுக்கும் நடுவே ஏழு, ஏழேகால் அடி இடைவெளி விட்டால் 22-ஐத் தொட்டுவிடும். பத்தடிச் சுவரில் அதற்குமேல் விரிக்க முயன்றால் மூலையில் முட்டும். பின்பக்கம் காற்றுத் துளை உள்ள ஸ்பீக்கரை வாங்கிச் சுவரோடு ஒட்டினால் பேஸ் கொழகொழவென்று வரும். சின்ன அறைக்குத் துளையில்லாததோ முன்பக்கத் துளையுள்ளதோ பாருங்கள். பெரிய டவர் ஸ்பீக்கர் தேவையே இல்லை. முன் மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருந்தால், ஒரு கார் இடமிருந்து வலம் போகும்போது அதன் சத்தம் நடுவில் நிறம் மாறாது.

சப்வூஃபர் 8 இன்ச் போதும். 12 அடி நீள அறையில் சுமார் 47 ஹெர்ட்ஸ், 10 அடி அகலத்துக்குச் சுமார் 56 ஹெர்ட்ஸ் சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் தானாகவே பெருகும். சுவர் ஓரத்தில் அது இன்னும் அதிகம், உங்கள் தலை இருப்பதும் அங்கேதான். எனவே இடத்தை ஊகிக்காமல் தேடுங்கள். சப்வூஃபரைத் தூக்கி, நீங்கள் தலைவைக்கும் இடத்திலேயே கட்டில்மேல் வையுங்கள். பேஸ் கிட்டார் தொடர்ந்து வரும் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவர் ஓரமாக மண்டியிட்டு நகர்ந்தபடி கேளுங்கள். ஓரிடத்தில் உறுமும், ஓரிடத்தில் ஒன்றுமே இருக்காது, ஓரிடத்தில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும். அந்த மூன்றாவது இடத்தில் வையுங்கள். எனக்கு அது டிவிச் சுவரின் நடுவிலிருந்து இரண்டடி தள்ளி அமைந்தது. கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள், பெட்டிக்கட்டில் மொத்தமும் அதிரும்.

மற்றவை சட்டென்று முடியும். எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் ரிசீவர். அதில் ஏஆர்சி வசதி, அதாவது டிவியின் சத்தம் எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே ரிசீவருக்கு வரும் வசதி, இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிவியின் ஆடியோ அமைப்பு பிசிஎம் என்று இருந்தால் ஏஆர்சி வழியாக ஸ்டீரியோதான் போகும், பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றினால்தான் 5.1 வரும். ரிசீவரின் முகப்பில் டால்பி என்று வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரிசீவரின் அமைப்பில் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஸ்மால் என்று வைத்து, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள், அதற்குக் கீழான பேஸ் சப்வூஃபருக்குப் போய்விடும். காதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரம் என்று டேப்பில் அளந்து அதையும் பதியுங்கள். ஒயர் நல்ல செம்பில் 16 கேஜ், தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் ஓட்டலாம், கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் சேர்த்து விடாதீர்கள். ஒயர்லெஸ் சரவுண்ட் வாங்கினாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளக் பாயின்ட் வேண்டும்.

ராத்திரிக்கு ரிசீவரில் நைட் மோட் இருக்கும். வெடிச்சத்தத்தை அமுக்கி, முணுமுணுப்பை உயர்த்திக் கொடுக்கும். பக்கத்து அறையில் அப்பா தூங்குவதால் எங்கள் வீட்டில் பத்து மணிக்கு மேல் அதுதான். சப்வூஃபருக்கு அடியில் ரப்பர் மெத்தை போட்டால் டைல்ஸ் அதிர்வு குறையும், ஆனால் ஆழ்ந்த பேஸ் கான்கிரீட்டைத் தாண்டிக் கீழ்வீட்டுக்குப் போகத்தான் செய்யும். அதற்கு சப்வூஃபரின் அளவைக் குறைப்பது ஒன்றே வழி.

இவ்வளவும் செய்தபின் எனக்கு ஒரு சின்ன "டிர்ர்ர்" மட்டும் மிச்சமிருந்தது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று இரண்டு நாள் தேடினேன். பீரோவின் கைப்பிடி. அதற்குப் பின்னால் ஒரு துண்டு ஃபெல்ட் ஒட்டியதும் நின்றுவிட்டது.