வாசகர் கேள்வி: காய்ச்சல் ரத்தமும் மஞ்சள் விளக்கும்

கேள்வி: என் அக்கா மகள் திருவனந்தபுரத்தில் உயிர்வேதியியல் படிக்கிறாள். வைட்டமின் ஏ ஆய்வகத்தில் ப்ராஜெக்ட். அங்கே மஞ்சள் விளக்கில்தான் வேலையாம். காய்ச்சல்காரர் ரத்தத்தைத் தனியே வைத்துவிடுவார்களாம். ஏன்?
- வாசகி, களியக்காவிளை

பதில்: ரத்தத்தில் அளப்பது ரெட்டினால்; வைட்டமின் ஏயின் ஒரு வடிவம். வெளிச்சமும் ஆக்சிஜனும் அதைச் சிதைத்துவிடும். அதனால்தான் மஞ்சள் விளக்கு, பழுப்புக் குப்பி, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்.

சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) அதே அளவு எத்தனால் விட்டால் புரதம் திரிந்து ரெட்டினாலை விட்டுவிடும். ஹெக்ஸேன் சேர்த்துக் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, ரெட்டினால் கரைந்த மேலடுக்கை மட்டும் எடுக்க வேண்டும். நடுவிலுள்ள புரதப் படலம் கூட வந்தால் அளக்கும் கருவியின் பிரிப்புக் குழாய் அடைத்துக்கொள்ளும். ஹெக்ஸேனை நைட்ரஜன் வாயுவில் உலர்த்தி, மெத்தனாலில் கரைத்து, ஹெச்பிஎல்சி என்ற, கலவையைப் பிரித்து அளக்கும் கருவியில் 325 நானோமீட்டர் ஒளியில் அளப்பார்கள். வழியில் ஆகும் இழப்பைக் கணக்கிட, எத்தனாலிலேயே ரெட்டினாலைப் போன்ற ரெட்டினைல் அசிடேட் தெரிந்த அளவில் கலந்திருக்கும். அதற்கு முன்பே, ரத்தம் எடுத்த இடத்தில் ஜன்னல் வெயில் பட்டிருந்தால்? அந்த இழப்பை எந்தக் கணக்கும் காட்டாது. தவறு அங்கேயும் நேரலாம்.

காய்ச்சல் விஷயம் இன்னும் நுணுக்கம். ரெட்டினால் ஈரலை விட்டுத் தனியாகக் கிளம்பாது. ஆர்பிபி என்ற புரதம்தான் சுமந்து வரும். உடலில் தொற்று இருந்தால் ஈரல் அந்தப் புரதத்தைக் குறைத்துவிடும். சேமிப்பு நிறைய இருந்தும் ரத்தத்தில் அளவு சரியும். லிட்டருக்கு 0.70 மைக்ரோமோலுக்குக் கீழே போனால் குறைபாடு என்பது வழக்கு; காய்ச்சல்காரருக்கு 0.6 வந்தால் அதை அப்படியே நம்பக்கூடாது. கூடவே சிஆர்பி (அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) பார்த்து, லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் தனியே கணக்கிடுவார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: ஈரல் சேமிப்பு கரைந்துகொண்டே போனாலும், ஏறக்குறைய தீரும்வரை ரத்த அளவு இறங்காது. 'நார்மல்' என்ற ரிப்போர்ட்டை வைத்துச் சேமிப்பைச் சொல்ல முடியாது.

கேள்வி: வீட்டில் முருங்கைக்கீரை, பப்பாளி எல்லாம் உண்டு. பிள்ளைக்கு வைட்டமின் ஏ மருந்தும் வேண்டுமா?
- வாசகர், செங்கோட்டை

பதில்: கொடுங்கள். கீரையிலுள்ள பீட்டா கரோட்டின் 12 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் 1 மைக்ரோகிராம் ரெட்டினாலுக்குச் சமம். தேங்காய் அரைத்துத் துவரன் வைத்தால் கொழுப்பு சேர்ந்து நன்றாக ஏறும்; வெறுமனே அவித்தால் அவ்வளவாக ஏறாது. மருந்து 9 மாதத்தில் 1 லட்சம் யூனிட், அதாவது 1 மில்லி. பிறகு 16-18 மாதத்தில் தொடங்கி 5 வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட். ஆரியங்காவு தாண்டி, கேரளப் பக்கம் அம்மாச்சி வீட்டில் பிள்ளையை விடுபவர்கள் தடுப்பூசி அட்டையையும் கையோடு கொடுத்தனுப்புங்கள். அட்டை இல்லாமல் இரு பக்கமும் மருந்தைக் கொடுத்துவிட்டால் தலைவலி, வாந்தி வரலாம். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைக்கும்.