நேரடி நிகழ்ச்சியில் பதிவான சோல் இசைத் தொகுப்புகளில் விருந்தினர் பாடகர்கள் தேவைதானா?

அட்டையில் பெரிய எழுத்தில் பெயர் போட்டிருந்த விருந்தினர் அரை நிமிடம் பாடிவிட்டுப் போன ஏதோ ஒரு தொகுப்பை வாங்கி ஏமாந்த பிறகுதான் நீங்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும். பணம் போன எரிச்சல் நியாயமானதே. ஆனாலும் 'விருந்தினர் என்றாலே விற்பனைத் தந்திரம்' என்று கேள்வியின் கீழ் நீங்கள் சேர்த்திருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

சோல் என்பது தேவாலயப் பாட்டின் ஆவேசத்தோடு பாடப்படும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. 1971 மார்ச் 5 முதல் 7 வரை சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் சோல் பாடகி அரேதா ஃபிராங்க்ளின் பாடியதை அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனம் தொகுப்பாக வெளியிட்டது. மூன்றாம் நாள் இரவு, பார்வையாளர்களோடு இருந்த பாடகரும் பியானோ கலைஞருமான ரே சார்ல்ஸை அரேதாவே மேடைக்கு அழைத்து வந்தார். இருவரும் சேர்ந்து பாடிய 'ஸ்பிரிட் இன் த டார்க்' அரேதா எழுதிய பாடல். ரே சார்ல்ஸுக்கு அதன் வரிகள் சரிவரத் தெரியாது. அவரோ வாய்க்கு வந்த சொற்களைப் போட்டு, அரேதாவின் குரலுக்குப் பதில் குரல் கொடுத்து, எலெக்ட்ரிக் பியானோவிலும் அமர்ந்து வாசிக்கிறார். ஏறத்தாழ 9 நிமிடங்கள் நீளும் அந்தப் பகுதியில் எது தந்திரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் இசை விமர்சகன் அல்லன். மெல்லிசைக் குழுவில் 11 ஆண்டுகள் கீபோர்டு வாசித்தவன், அவ்வளவுதான். ஒரு கோயில் திருவிழாக் கச்சேரியில், ஒத்திகைக்கே வராத விருந்தினப் பாடகர் மேடையேறி, பல்லவியை நாங்கள் வைத்திருந்த சுருதிக்கு ஒரு கட்டை இறக்கி எடுத்துவிட்டார். நான் கீபோர்டின் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திச் சமாளித்தேன். புல்லாங்குழல் வாசித்த அண்ணன் பையிலிருந்து வேறு குழலைத் தேடி எடுப்பதற்குள் பல்லவியே முடிந்திருந்தது. அதன்பின் அவர் இரண்டாம் சரணத்தை முதலில் பாடினார். கைத்தட்டல் அவருக்குப் போனது, 'குழு சொதப்பிவிட்டது' என்ற பேச்சும் பேசிய தொகையில் பிடித்தமும் எங்களுக்கு வந்தன. பேனரில் அவர் படம் ஆளுயரத்துக்கு இருந்தது. குழுவின் பெயர் மூலையில்கூட இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் புலம்புகிறான் என்று சிலர் எழுதக்கூடும், எழுதட்டும்.

அன்றிலிருந்து அரேதாவின் அந்தத் தொகுப்பைக் கேட்கும்போதெல்லாம் என் காது பின்வரிசைக்கே போகிறது. சாக்ஸஃபோன் கலைஞர் கிங் கர்ட்டிஸ் தலைமையில், டிரம்ஸில் பெர்னார்டு பர்டி, கிதாரில் கார்னெல் டுப்ரீ, பேஸில் ஜெரி ஜெம்மாட், ஆர்கனில் பில்லி பிரெஸ்டன், கூடவே மெம்ஃபிஸ் ஹார்ன்ஸ் ஊதுகருவிக் குழு. பாடத் தெரியாத பாடலில் ஒருவர் அத்தனை நிமிடங்கள் விழாமல் நடக்க முடிந்தது இவர்கள் விரித்த தரையின் மேல்தான். ஆகவே விருந்தினர் தேவையா என்பதைவிட, அவரைத் தாங்கும் குழு இருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். அதே ஆண்டு ஆகஸ்டில் கிங் கர்ட்டிஸ் நியூயார்க்கில் குத்திக் கொல்லப்பட்டார். ரே சார்ல்ஸ் வந்த கதையைச் சொல்பவர்களில் பலர் இவர் பெயரைச் சொல்வதில்லை.

கேட்பதானால், அரேதா 'ஸ்பிரிட் இன் த டார்க்' பாடலைத் தாமே பாடும் முந்தைய பகுதியிலிருந்து தொடங்குங்கள். மெதுவாக எடுத்து, வேகம் பிடித்து, தேவாலயப் பாட்டுக்கு உரிய ஆவேசத்தில் முடிவது அது. பிறகு ரே சார்ல்ஸ் வரும் பகுதியை, நடுவில் தாண்டாமல், முழுதாக.