கேளுங்கள், சொல்கிறேன்: பனிக்கரைப் பள்ளிக்கூடம்

கேள்வி: மண்டூர்ப் பக்கம் படிப்பிக்கிறேன், சேர். ஒரே அறையில் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் தரங்கள். அந்தாட்டிக்காவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பிள்ளை, “அங்கயும் டீச்சர் இரிக்காவா? அவ என்ன செய்வா?” என்று கேட்டது. எனக்கு மறுமொழி வரவில்லை.
– ஆசிரியை ஒருவர், படுவான்கரை

பதில்: மகள், இதே கேள்வி 1983இல் என்னிடமும் வந்தது. எனக்கு முதல் நியமனம் அதே படுவான்கரையில்தான். குருமண்வெளித் துறையில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஏறி, பூகோள உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்கினேன். ஐந்தாம் தரத்துப் பையன் ஒருவன் உருண்டையைக் கவிழ்த்துப் பிடித்து, அடியிலிருந்த வெள்ளையைத் தொட்டு, “இங்க பள்ளிக்கூடம் இரிக்கா சேர்?” என்றான். “இல்ல மனே, அங்க புள்ளைகளே இல்ல” என்றேன். அது பிழை. அப்போதே அங்கே பள்ளிக்கூடம் தொடங்கி ஐந்து வருடமாகியிருந்தது.

ஆர்ஜென்டினாவின் எஸ்பெரான்சா தளத்தில் இருக்கிறது அது. எஸ்பெரான்சா என்றால் நம்பிக்கை. ஆராய்ச்சியாளர்களும் படைவீரர்களும் இருக்கும் அந்தத் தளத்துக்குக் குடும்பங்களும் வரத் தொடங்கிய 1978இல் பள்ளிக்கூடமும் வந்தது. அந்த வருடம் தை 7ஆம் திகதி அங்கே ஒரு குழந்தையும் பிறந்தது. அந்தாட்டிக்காப் பெருநிலத்தில் பிறந்ததாக அறியப்பட்ட முதல் பிள்ளை அது. நம்முடையவை போல அதுவும் ஒரு மாகாணப் பாடசாலைதான், இலக்கம் 38. கணவனும் மனைவியுமாக இரண்டு ஆசிரியர்களைத் தெரிந்து ஒரு வருடத்துக்கு அனுப்புகிறார்கள்.

அவர்கள் வேலையை நீங்கள் என்னைவிட நன்றாக விளங்கிக்கொள்வீர்கள். பிள்ளைகள் ஒரு சிலர், வயதோ பல. சின்னவன் எழுத்துக்கூட்டும்போது பெரியவளுக்குப் பின்னம் விளக்க வேண்டும். நாம் பல்தரக் கற்பித்தல் என்கிறோமே, அதேதான். ஒரு வித்தியாசம் உண்டு. நமக்குப் பின்னேரம் திரும்பிவரப் பாதை இருக்கிறது, வெள்ளிக்கிழமை வீடு இருக்கிறது. அவர்களுக்கு அது கிடையாது. ஒரு பிள்ளையைக் காலையில் கடிந்துகொண்டால், பின்னேரம் அதன் தாயைப் பக்கத்து வீட்டு வாசலில் காண வேண்டும். வருடம் முழுதும் அதே சில முகங்கள்தான். ஒரு மார்கழி வெள்ளத்தில் பாதை நின்று பதினொரு நாள் நான் அக்கரையில் மாட்டிக்கொண்டேன். என் பிள்ளைகளின் வீடுகளில்தான் சாப்பிட்டேன், படுத்தேன். எந்தப் பிள்ளைக்கு இரவில் விளக்கில்லை, எந்தப் பிள்ளை தம்பியைத் தூக்கிக்கொண்டே படிக்கிறது என்பதெல்லாம் அந்தப் பதினொரு நாளில்தான் கண்டேன். அதற்குப் பிறகு நான் வீட்டுவேலை கொடுத்த விதமே மாறிவிட்டது. அங்குள்ள ஆசிரியர்களுக்கு இது ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கிறது.

ஆறு மாதம் இரவு என்று நாம் படிப்பிக்கிறோமே, அது துருவப் புள்ளிக்குத்தான் பொருந்தும். எஸ்பெரான்சா தெற்கு அகலக்கோடு 63 பாகையில், துருவ வட்டத்துக்கு வெளியே கிடக்கிறது. ஆனி மாதக் கடைசியில் கணக்குப்படி நாலு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடப் பகல் உண்டு. நடுப்பகலிலும் சூரியன் அடிவானத்தை விட்டு மூன்று பாகைதான் ஏறும். ஆகவே பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கு வந்து இருட்டில் வீடு போவார்கள். மார்கழியில் இது தலைகீழ். இருபது மணித்தியாலம் வெளிச்சம், அடெலி பென்குவின்கள் ஆயிரக்கணக்கில் பக்கத்திலேயே குஞ்சு வளர்க்கும். உயிரியல் பாடத்துக்குப் படம் வரையத் தேவையே இல்லை. எனக்குப் பொறாமை வருவது இந்த ஒன்றில்தான்.

1984இல் சிலியும் அந்தாட்டிக்காவின் ஒரு தீவில் குடும்பங்களுக்கென்று ஊர் அமைத்தது, பிறகு பள்ளிக்கூடமும் வைத்தது. அங்கே குடியிருக்கப் போவோர், பிள்ளைகள் உட்பட, குடல்வாலை முன்கூட்டியே வெட்டி அகற்றிவிட்டுப் போக வேண்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால். 1961இல் ரஷ்ய மருத்துவர் லியோனிட் ரோகசோவ் தன் தளத்தில் வேறு வைத்தியர் இல்லாமல் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார். இதைச் சின்னவர்களுக்குச் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார்கள்.

என் பையனுக்குத் திருத்திச் சொல்ல வாய்க்கவில்லை. அடுத்த வருடமே எனக்கு இடமாற்றம். உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள் மகள்: ஓம், டீச்சர் இரிக்கா, புள்ளைகளும் இரிக்காங்க.

கேள்வி: அதே எஸ்பெரான்சாவில் 18 பாகை வெப்பம் வந்ததாமே, எப்படி?
– மாணவன், திருக்கோவில்

பதில்: 2020 மாசி 6ஆம் திகதி, 18.3 பாகை செல்சியஸ். காரணம் உனக்குத் தெரிந்த காற்றுத்தான் தம்பி. தென்மேற்குக் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்கும்போது சூடேறிக் கச்சானாகிறது. காய்ந்த காற்று ஒரு கிலோமீற்றர் கீழிறங்கினால் ஏறத்தாழ 10 பாகை சூடேறும். அங்கேயும் அன்றைக்கு மலை தாண்டி இறங்கியது அப்படியொரு காற்றுத்தான். அடுத்த கச்சானுக்கு, நனைத்த துணியொன்றை நிழலில் கொடியில் போட்டு எத்தனை நிமிடத்தில் காய்கிறது என்று பார். மாரியில் மழையில்லாத ஒரு நாளும் பார். இரண்டு கணக்கையும் எனக்கு எழுதி அனுப்பு.