ஃப்ரிட்ஜுக்குள் தெர்மாமீட்டர் வைத்த மகளை என்ன படிக்க வைப்பது?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் மூன்று பக்கம் மதிப்பெண், கல்லூரிக் கட்டணம், சொந்தக்காரர்கள் சொன்னது. நடுவில் ஐந்தே வரியில் மகளைப் பற்றி ஒரு குறை. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வீட்டு ஃப்ரிட்ஜ் மக்கர் செய்தது. ஃப்ரீசரில் ஐஸ் உறைகிறது, கீழ்த்தட்டில் பால் திரிகிறது. அவள் உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்து, மூன்று நாள் மணிக்கொரு தரம் பார்த்து நோட்டில் எழுதினாள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து போட்டு ஒரு முழு நாள் விட்டாள். மறுபடி ஓடவிட்டதும் கீழ்த்தட்டும் குளிர்ந்தது. ஆறாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி என்று கீழ்த்தட்டு மறுபடி குளிராமல் போனது. “பின்னாடி எங்கேயோ ஐஸ் கட்டிக் காற்றை அடைக்குது” என்று அவள் நோட்டில் முடித்திருக்கிறாள். “படிக்கிற நேரத்தில் இந்த வேண்டாத வேலை” என்று நீங்கள் கடிதத்தில் முடித்திருக்கிறீர்கள்.

கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எழுதி அனுப்பிவிடலாம். அது உங்களுக்கு உதவாது. கடன் வாங்கி அவளைக் கம்ப்யூட்டர் பொறியியலில் சேர்ப்பது என்று நீங்கள் எடுக்கப் போகும் முடிவு தவறானது என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கடன் கணக்கு. நான்கு வருடக் கம்ப்யூட்டர் பொறியியல் படிப்புக்கு ஆகும் தொகையை 100 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 25 வீதம் கடன் வாங்குகிறீர்கள். வட்டி 10 சதவீதம். படிப்பு முடியும்வரை எதுவும் கட்டவில்லை. வட்டி அசலோடு சேர்ந்து நான்காம் வருட முடிவில் கடன் ஏறத்தாழ 128 ஆகிவிடும். அதைப் பத்து வருடத் தவணையில் அடைத்தால் மாதம் 1.69 வீதம் மொத்தம் 202 கட்டியிருப்பீர்கள். வாங்கியது 100. இதே மாதத் தொகையை அதே பத்து வருடம் 6 சதவீத வட்டியில் சேமித்தால் கையில் ஏறத்தாழ 276 இருக்கும். இதுவும் அவள் படிப்பு முடிந்த மறுமாதமே வேலையில் சேர்ந்துவிட்டாள் என்ற நல்ல கணக்கு. ஒரு வருடம் வேலை தேடி அலைந்தால் 128க்கு மேல் இன்னும் 13 ஏறும். மனம் ஒட்டாத படிப்பில் அரியர் விழுந்து ஐந்தாம் வருடத்துக்கு இழுத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஓய்வுக்காலத்துக்கு வைத்திருக்கும் பணத்தை எடுத்துக் கடனைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். தொட்டால் நாளைக்கு உங்கள் மருந்துச் செலவும் வீட்டுச் செலவும் அவள் தலையில்தான் வந்து விழும். அப்போது அவள் தன் கடன் தவணையும் கட்டிக்கொண்டிருப்பாள்.

“நம்ம குடும்பத்தில் எல்லாரும் இன்ஜினியர்” என்று பெரியப்பா சொன்னாராம். அவர் பாசத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் 120 தவணையில் ஒன்றைக்கூட அவர் கட்டப் போவதில்லை. தினமும் காலையில் எழுந்து அந்த வேலைக்குப் போகப் போவதும் அவர் இல்லை. அவருக்கு மரியாதையாகப் பதில் சொல்லுங்கள், முடிவை அவர் கையில் கொடுக்காதீர்கள். நிரல் எழுதுவதில் ஆசை உள்ள பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் படிப்பு அருமையானதுதான். உங்கள் கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், அவளுக்கு அந்த ஆசை இருப்பதாக ஒரு வரிகூட இல்லை.

மருத்துவம், கணக்கு, சட்டம், அரசுத் தேர்வு இவற்றைப் பற்றிச் சொல்ல உங்களைச் சுற்றி நூறு பேர் இருப்பார்கள். யாரும் உங்களிடம் சொல்லியிருக்காத ஒன்றைச் சொல்கிறேன்: குளிர்பதனத் தொழில். ஃப்ரிட்ஜ், ஏசி, குளிர்சாதனக் கிடங்கு.

ஏசி மெக்கானிக்கா என்று முகம் சுளிக்க வேண்டாம். வில்லிஸ் கேரியர் 1902இல் நவீன ஏசியை வடிவமைத்தது நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக. காற்றின் ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கியதால் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போயின; அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் இயந்திரம். இன்று மருத்துவமனை, ரத்த வங்கி, சர்வர் அறை எதுவும் இந்தத் தொழில் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். அவற்றில் சில உறைந்துபோனாலே வீண். அந்த ஆறு டிகிரியைக் காப்பவர் ஒரு டெக்னீஷியன்.

தொழில் இப்போது மாறிக்கொண்டும் இருக்கிறது. ஏசிக்குள் ஓடிக் குளிரூட்டும் கேஸ்களில் ஓசோனை அரித்த பழையவற்றை நிறுத்த 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அவற்றின் இடத்தில் வந்த கேஸ்கள் பூமியைச் சூடாக்குகின்றன என்பதால் அவற்றையும் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலி திருத்தம் வந்தது. ஆர்-410ஏ என்ற கேஸின் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 2,088 மடங்கு, ஆர்-32க்கு 675, ஆர்-290க்கு வெறும் 3 அளவில். ஆனால் ஆர்-290 என்பது புரோப்பேன், தீப்பிடிக்கும். ஆர்-32ம் ஓரளவு பிடிக்கும். பார்த்துப் பார்த்துக் கைப்பழக்கத்தில் மட்டும் கற்றவர்கள் இந்த மெஷின்களில் கை வைப்பது ஆபத்து. அளந்து, புரிந்து செய்கிறவர்களுக்கு இடம் காலியாகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்தக் கேஸ்களைக் கையாளச் சான்றிதழ் கட்டாயம்.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று பார்க்கலாம்: புது ஸ்பிளிட் ஏசிக்குச் செம்புக் குழாய் இணைப்பது. குழாயைக் கட்டரால் வெட்டினால் உள்விளிம்பில் மெல்லிய பிசிறு நிற்கும். அதைச் சுரண்டும்போது குழாயின் வாயைக் கீழ்நோக்கிப் பிடிக்க வேண்டும். மேல்நோக்கிப் பிடித்தால் செம்புத் தூள் உள்ளே விழுந்து கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரசர்வரை போகும். பிறகு வாயைக் கூம்பாக விரிப்பார்கள், அதுதான் ஃப்ளேர். பிசிறு எடுக்காத ஃப்ளேர் சரியாக உட்காராது, கசியும். நட்டை அளவுக்கு மேல் முறுக்கினால் கூம்பு மெலிந்து சில மாதத்தில் விரிசல் விடும். கால் அங்குலக் குழாய்க்கு முறுக்கு விசை வழக்கமாக 14 முதல் 18 நியூட்டன் மீட்டர். முறுக்கு விசையைக் காட்டும் டார்க் ஸ்பேனரில்தான் அது தெரியும், கை சொல்லாது. அடுத்து உலர்ந்த நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பார்கள். நைட்ரஜன் இல்லையென்று ஆக்சிஜனை ஏற்றினால் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். அப்படி உயிர் போயிருக்கிறது.

கடைசியில், குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப். இங்கே அழுத்தத்தை மைக்ரான் என்ற அளவில் பார்ப்பார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் 760,000 மைக்ரான். அதை 500க்குக் கீழே இறக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் குழாய்க்குள் ஒட்டியிருக்கும் ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். 500 வந்ததும் வால்வை மூடி, பம்பை நிறுத்தி, பத்து நிமிடம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முள் நகராமல் நின்றால் வேலை சுத்தம். கொஞ்சம் ஏறி ஆயிரத்துச் சொச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. அவசரக்காரர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு, கேஸைக் கொஞ்சம் திறந்து காற்றை விரட்டியதோடு முடித்துக்கொள்வார்கள். ஏசி அன்றைக்கு நன்றாகத்தான் குளிரும். உள்ளே தங்கிய ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, மெல்ல மெல்லக் கம்ப்ரசரின் சுருளை அரிக்கும். வாடிக்கையாளர் கம்பெனியைத் திட்டுவார்.

அந்தப் பத்து நிமிடம் பொறுமையாக உட்காருகிறவர்கள் குறைவு. உங்கள் மகள் மூன்று நாள் உட்கார்ந்தாள். இந்தக் குணத்தைச் சொல்லிக்கொடுத்து வரவைப்பது மிகக் கடினம்.

எங்கே சேர்ப்பது என்பதற்கு விளம்பரத்தை நம்பாதீர்கள், அவளையும் கூட்டிக்கொண்டு பயிற்சிக் கூடத்துக்கு நேரில் போங்கள். முதலில் அங்கே இருக்கும் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். வெட்டிப் போட்ட செம்புத் துண்டுகளும் கோணலாகப் போன ஃப்ளேர்களும் நிறையக் கிடந்தால் பிள்ளைகள் கையால் பழகுகிறார்கள். தொட்டி சுத்தமாக இருந்தால் ஆசிரியர் செய்து காட்டுகிறார், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஓடும் மெஷின் எத்தனை, ஒரு மெஷினுக்கு எத்தனை பேர்? நான்கு பேருக்கு மேல் என்றால் யோசியுங்கள். மைக்ரான் மீட்டர் இருக்கிறதா? பழைய கேஸைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் பிடிக்கும் ரிக்கவரி மெஷின் இருக்கிறதா? குழாய்களைச் சூடாக்கி உலோகம் உருக்கி ஒட்டும் பிரேசிங் பழகும்போது குழாய்க்குள் நைட்ரஜன் ஓடவிடுகிறார்களா? விடாவிட்டால் உள்ளே கருப்புச் செதில் படியும், அது போய்க் கேப்பில்லரி என்ற மெல்லிய குழாயை அடைக்கும். அதைக் கற்றுத் தராத இடம் மற்றதையும் அரைகுறையாகத்தான் தரும். ஆர்-32, ஆர்-290 பாதுகாப்புப் பாடம் தனியாக இல்லையென்றால் அந்த இடமே வேண்டாம்.

இந்தப் படிப்பு பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வருடம். பிறகு சம்பளத்தோடு பயிற்சியாளராகச் சேரலாம். கருவிகளைக் கடனில் மொத்தமாக வாங்கித் தராதீர்கள். முதலில் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர், இரண்டு முனை டிஜிட்டல் தெர்மாமீட்டர், நல்ல கட்டர், ஃப்ளேர் கருவி. முதல் இரண்டும் சொந்தமாக இருந்தாலே பல கோளாறுகளைக் கண்டுபிடிக்கலாம். கேஸ் அழுத்தம் பார்க்கும் மேனிஃபோல்ட் கேஜும் டார்க் ஸ்பேனரும் அவள் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு. வேக்குவம் பம்ப், மைக்ரான் மீட்டர், ரிக்கவரி மெஷின் தனியாகத் தொழில் செய்யும்போது போதும். அதுவரை வேலை தருகிறவருடையதைப் பயன்படுத்தலாம்.

தனியாகச் செய்யும்போது வருமானம் ஒரே சீராக வராது. வெயில் மாதங்களில் நிற்க நேரம் இருக்காது, குளிர் மாதங்களில் போன் அடிக்காது. இந்தத் தொழிலில் நன்றாகச் சம்பாதித்தும் கடனாளியானவர்கள் பலரும் இங்கேதான் சறுக்கினார்கள்: வெயில் மாத வருமானத்தை வைத்து வீட்டுச் செலவை நிர்ணயித்தார்கள். வருடத்தில் மிகக் குறைந்த மாதம் எவ்வளவு வந்ததோ அதற்குள் வீட்டுச் செலவு அடங்க வேண்டும். மிஞ்சுவது முதலில் ஆறு மாதச் செலவு சேரும்வரை ஒரு தனிக் கணக்குக்குப் போகட்டும். அதன் பிறகுதான் பெரிய கருவி, வண்டி எல்லாம். கடைகள், மருத்துவமனைகளோடு வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் நாலைந்து பிடித்துவிட்டால் குளிர் மாதமும் தாங்கும்.

“வருஷா வருஷம் கேஸ் போடணும்” என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்களையும் அவள் பார்ப்பாள். கசியாமல் மூடிய குழாய்க்குள் ஓடும் கேஸ் தீர்ந்துபோகாது. குறைந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து அடைக்கும் டெக்னீஷியனை வாடிக்கையாளர் ஒரு முறைதான் அழைப்பார், ஆனால் தன் தெருவுக்கே அவர் பெயரைச் சொல்வார்.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. மொட்டை மாடியில் உச்சி வெயிலில் நிற்க வேண்டும். உயரத்தில் வேலை, பெல்ட் இல்லாமல் ஏறவே கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்சாரத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். மூடிய அறையில் கேஸ் கசிந்தால் அது காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். பெண் பிள்ளையால் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவுட்டோர் யூனிட்டை ஒற்றை ஆளாக யாருமே தூக்கக் கூடாது, அது இரண்டு பேர் வேலை. கோளாறு கண்டுபிடிக்கத் தோள் பலம் வேண்டாம். ஆய்வகம், மருத்துவமனை, குளிர்கிடங்கு கட்டுப்பாட்டுப் பிரிவுகளில் அவளுக்கு நல்ல இடம் உண்டு. பின்னால் டிப்ளமோவோ பட்டமோ படிக்க விரும்பினால் தன் சம்பளத்தில் படிக்கட்டும். அப்போது என்ன படிக்க வேண்டும் என்பது அவளுக்கே தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் நான் சொன்னேன் என்பதற்காக அவளைச் சேர்த்துவிடாதீர்கள். விடுமுறையில் இரண்டு வாரம் நல்ல டெக்னீஷியன் ஒருவரோடு போய்வரட்டும். பிடிக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடலாம், ஒரு கட்டணமும் நஷ்டமில்லை.

வீட்டு ஃப்ரிட்ஜ் இன்னும் சரியாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் கணிப்பு சரியாகத்தான் இருக்க வேண்டும். காற்றாடி பழுதாகியிருந்தால் ஒரு நாள் நிறுத்தி வைத்ததில் சரியாகியிருக்காது. உள்ளே கட்டும் ஐஸை உருக்கும் டீஃப்ராஸ்ட் ஹீட்டரோ அதன் சென்சாரோ டைமரோ போயிருக்கும். ஃப்ரீசரின் பின்தகட்டுக்குப் பின்னால் குளிரூட்டும் குழாய்ச் சுருளான எவாப்பரேட்டர் முழுக்க ஐஸ் மூடியிருக்கும். மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள். அவர் கைவைக்கும் முன் அந்த நோட்டை அவளே படித்துக் காட்டட்டும். தகட்டைக் கழற்றும்போது நீங்களும் பக்கத்தில் நின்று அவள் முகத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.